எந்த வருஷத்துப் பாட்டு வரைக்கும்?

எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர். ஒருவருக்கும் பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டால் சினிமாப் பெயர் சொல்லுவாள். பெரியக்கா, ‘மீரா’ வந்த தீபாவளி கழிந்த தை மாதம். பெரியண்ணன் ‘சந்திரலேகா’. சின்னக்கா என்று நான் கூப்பிடும் இரண்டாவது அக்கா ‘மந்திரிகுமாரி’. அடுத்த அண்ணன் ‘பராசக்தி’. அப்படியே ‘மாயா பஜார்’, ‘கட்டபொம்மன்’ என்று இறங்கி வந்து கடைசியில் நான் ‘திருவிளையாடல்’. நடுவில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அவர்களுக்கு மட்டும் அம்மா படம் சொன்னதே இல்லை.

சென்னையிலும் மதுரையிலும் வெளியான படத்தின் பெட்டி, தாமிரபரணிக் கரையில் திருச்செந்தூர் போகும் வழியிலிருந்த எங்கள் ஊர் டாக்கீஸுக்கு வந்து சேர ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். அதனால் எங்கள் வயதெல்லாம் முன்னே பின்னே நகரக் கூடியவை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. மே, ஜூனில் ஏதோ ஒரு தேதியைத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார். எங்களில் பாதிப் பேர் அந்த இரண்டு மாதத்தில்தான் ‘பிறந்தோம்’. பென்ஷன் கணக்கெல்லாம் அந்தத் தேதியில் முடிந்தது. வீட்டுக்குள் செல்லுபடியானது அம்மாவின் சினிமாக் கணக்குதான்.

வயதைப் படத்தால் அளந்த வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பினால் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். ‘எந்தப் பாட்டு பிடிக்கும்?’ என்று கேட்பதில்லை. அதற்குப் பதில் எல்லாருக்கும் தயாராக இருக்கும். ‘எந்த வருஷத்துப் பாட்டு வரைக்கும் தெரியும்?’ என்று கேட்பேன். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளை வரிசைப்படுத்தினால், பெரும்பாலானவர்களுக்கு அந்த வரிசை ஏதோ ஒரு வருடத்தில் அறுந்து நிற்கிறது. அந்த வருடம் ஏன் அந்த வருடம் என்று விசாரித்தால் அந்த ஆளின் கதையே வெளியே வந்துவிடும்.

பெரியக்காவின் வரிசை 1963-இல் நின்றது. இதற்கு என்னிடம் சான்று உண்டு. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களை அவள் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். மெல்லிசான தாள், பழுப்பேறிய அட்டை, முதல் பக்கத்தில் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதியைத் திரையில் பார்க்கச் சொல்லும் கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். ‘கல்யாணப் பரிசு’, ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’, ‘ஆலயமணி’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. சுசீலா பாடிய பாட்டுகளுக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. கடைசிப் புத்தகம் ‘கற்பகம்’. அந்தப் படத்தில் எல்லாப் பாட்டையும் சுசீலாவே பாடினார். அதில் எல்லாப் பக்கத்திலும் புள்ளி இருந்தது. அதற்கு அடுத்த தையில் அக்காவுக்குக் கல்யாணம். வயது பதினெட்டு. பெட்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியது அந்தப் புத்தகங்களில்தான்.

அவள் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் நான் பிறந்தேன். அவளுடைய மூத்த மகனும் அதே வருடம், எனக்குச் சில வாரங்கள் முன்னதாக. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் வீட்டில் தாயும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது அந்தக் காலத்தில் அதிசயமில்லை. என்றாலும் அம்மா வெளியே தலை காட்டாமல் கூச்சப்பட்டதாக ஆச்சி சொல்லுவாள். அம்மாவுக்குப் பால் போதாமல் போனபோது அக்காதான் எங்கள் இருவருக்கும் பால் கொடுத்தாள். என்னைவிட மூத்தவன் என்னை ‘மாமா’ என்று கூப்பிட, நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தோம்.

இந்த மருமகனையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். ஒரே வயது, ஒரே ஊர், ஒரே பால். ஆனால் காது வேறு. நான் ஏழில் கடைசி. அவன் மூன்றில் மூத்தவன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ‘அன்னக்கிளி’யிலிருந்து பிறகு வந்தவை. 1976-இல் எங்களுக்குப் பதினொரு வயது. இளையராஜா எங்கள் தலைமுறைக்கென்றே வந்தவர்போல வந்தார். எனக்கும் அவர்தான் உயிர். ஆனால் எனக்கு அவருக்கு முன்னால் ஒரு முப்பது வருடம் இருந்தது. அதை நான் தேடிப் போய்ப் பெறவில்லை. வீட்டுக்குள் எனக்கு மேலே ஆறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அவரவர் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா பாத்திரம் துலக்கும்போது பாகவதர் பாட்டை முணுமுணுப்பாள். ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். புதுப்பெண்ணாக அவள் பார்த்த படம் அது. அப்பாவுக்கு சினிமாப் பாட்டே ஆகாது, ஒன்றைத் தவிர. ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜானகியின் குரலோடு போட்டியிட்டு வரும் நாதஸ்வரம் காருக்குறிச்சி அருணாசலத்தினுடையது. காருக்குறிச்சி எங்கள் ஆற்றங்கரை ஊர். கோயில் கொடைகளில் அவர் வாசிப்பைக் கேட்க அப்பா மைல் கணக்கில் நடந்து போனவர். அரிசி ஆலையில் கணக்கு எழுதிவிட்டு வந்து அப்படியே கிளம்பிவிடுவாராம். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் அப்பாவும் பெரியக்காவும் ஒன்றாக உட்கார்ந்து கேட்பார்கள். மற்ற நேரங்களில் அவள் ரேடியோப் பக்கம் போனால் அவர் தொண்டையைச் செருமுவார். அந்த ஒரு பாட்டில் மட்டும் இரண்டு பேர் காலமும் ஒன்றோடொன்று முட்டியது.

ரேடியோ என்றால் எங்களுக்கு இலங்கை வானொலிதான். அகில இந்திய வானொலி 1952-இல், அமைச்சர் கேஸ்கர் காலத்தில், சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தது. கேட்பவர்கள் முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1957-இல் விவித பாரதி தொடங்கிய பிறகும் எங்கள் தென்கோடியில் கொழும்புதான் தெளிவாக விழுந்தது. அதில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி ஒன்று வரும். ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லி, வாழ்த்துபவர்கள் என்று அப்பா அம்மாவில் தொடங்கி அப்பப்பா, அப்பம்மா, பெரியம்மா, சித்தப்பா, மாமா, மச்சாள் என்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் ஒரு முழுக் குடும்பத்தையும் வாசிப்பார்கள். பிறகுதான் பாட்டு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பிறந்தநாள் கிடையாது. ஆனாலும் அந்தப் பெயர்ப் பட்டியலைக் காது கொடுத்துக் கேட்டோம். எங்களைவிடப் பெரிய குடும்பம் வந்தால் சின்னக்கா விரல் விட்டு எண்ணுவாள்.

‘பராசக்தி’ அண்ணன் கல்லூரிக்குப் போய்த் திரும்பியபோது இந்தியைக் கொண்டு வந்தான். இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இந்தி எதிர்ப்பில் ஊர்வலம் போன அதே தலைமுறை, ‘ஆராதனா’, ‘பாபி’, ‘யாதோங் கி பாராத்’ பாட்டுகளைப் பொருள் தெரியாமலே பாடித் திரிந்தது. 1969-க்கும் 1976-க்கும் நடுவில் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் கிஷோர் குமார்தான் ராஜா. பெரியண்ணன் டி.எம்.எஸ். தவிர வேறு குரலை ஏற்க மாட்டான். இருவருக்கும் ரேடியோ முன்னால் சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டவன் நான். என் மருமகன் வீட்டில் இந்தச் சண்டை இல்லை. அவனுக்கு மேலே யாரும் இல்லை.

அவனுக்கு மேலே அவன் அம்மா இருந்தாளே, அவளிடமிருந்து ‘கற்பகம்’ வரைக்குமாவது இறங்கியிருக்க வேண்டாமா? இதை அவனிடமே கேட்டேன். ‘அம்மா ஆச்சி வீட்டுக்கு வந்தாத்தான் பாடுவா மாமா. எங்க வீட்டுல ஒரு நாளும் பாடி நான் கேட்டதில்ல’ என்றான். அவள் பாட்டை அவன் கேட்டதெல்லாம் கோடை விடுமுறையில், எங்கள் திண்ணையில், என்னோடு சேர்ந்து. மாமியார், மாமனார், கல்யாணமாகாத நாத்தனார்கள், மூன்று பிள்ளைகள், இரண்டு மாடு. அந்த வீட்டில் ரேடியோ ஆண்களின் கட்டில் பக்கம் இருந்தது. அடுப்படிக்குச் சத்தம் கேட்கும். ஆனால் உட்கார்ந்து கேட்க முடியாது. பாடினால், ‘வேலை இல்லையோ’ என்று ஒரு குரல் வரும். ஒரு பாட்டு மனதில் தங்க அதைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்க்க வேண்டும். அந்த நேரம் அவளுக்கு 1964 தையோடு போய்விட்டது. அம்மாவின் வரிசை ஏன் ‘மீரா’வோடு நிற்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ‘மீரா’வுக்கு அடுத்த தையில் அவளுக்கு மூத்த பிள்ளை பிறந்தது.

இளமையில் கேட்ட இசையே கடைசி வரை பிடிக்கும் என்பது ஆய்வாளர்களும் கண்ட உண்மை. 1989-இல் மோரிஸ் ஹோல்ப்ரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் அமெரிக்காவில் பல வயதுக்காரர்களுக்குப் பழைய, புதிய பாட்டுகளைப் போட்டுக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். தமக்கு ஏறத்தாழ இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதாக இருந்தபோது வந்த பாட்டுகளையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். காரணமாகச் சொல்லப்படுபவை பல: அந்த வயதின் உணர்ச்சி வேகம், முதல் காதல், தன்னைத் தான் உருவாக்கிக்கொள்ளும் பருவம். எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் என் அக்காவை வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்னொரு காரணம் முன்னால் நிற்கிறது. ஓய்வு. இருபத்து நான்கு வயதில் அவளுக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அவளுடைய உச்சம் பதினேழில் வந்து முடிந்தது. அதற்குப் பிறகு அவளுக்கென்று ஒரு மணி நேரம் இருந்திருந்தால் முப்பதிலும் வந்திருக்கும். ஒருவர் மனப்பாடமாகப் பாடும் கடைசிப் பாட்டின் வருடம், அவர் நேரம் அவர் கையில் இருந்த கடைசி வருடம் என்றே நான் நினைக்கிறேன்.

பெரியண்ணனுக்கும் இது பொருந்துகிறது. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவன் தூத்துக்குடியில் ஒரு மில்லில் சேர்ந்தான். மாறி மாறி வரும் ஷிப்ட். அவன் வரிசை ‘ரிக்‌ஷாக்கார’னோடு, 1971-இல், நிற்கிறது. அவன் சம்பளத்தில்தான் கடைசி மூன்று பேரும் படித்தோம். எங்கள் காது விரிந்து கிடந்ததற்கு அவன் காது மூடிக்கொண்டது ஒரு காரணம். பெரியக்கா தம்பி தங்கைகளைச் சுமந்ததும், பெரியண்ணன் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்ததும் கடைசிப் பிள்ளையான எனக்கு நேரமாக வந்து சேர்ந்தன. அந்த நேரத்தில்தான் நான் ‘நிழல்கள்’ பாட்டுகளை ஊசி தேயும் வரை கேட்டேன்.

இசைக் குடும்பங்களின் வரலாற்றிலும் இதையே பார்க்கிறேன். வீணை தனம்மாளின் குடும்பம் பெரிய குடும்பம். அவருடைய மகள்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று பாட்டியின் இசை கீழே இறங்கியது. பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பாடகிகள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி நாட்டியத்தில் உலகம் அறிந்தவர். அவர் தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல். அந்தக் குடும்பத்தில் இசை பெண் வழியாக வந்தது. பெண்கள் பதினெட்டு வயதில் வேறொரு வீட்டு அடுப்படிக்குப் போய்விடவில்லை. பாட்டியும் அம்மாவும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் இருந்து பாடினார்கள். தேவதாசி மரபில் வந்த அந்தச் சமூகத்துப் பெண்கள் பட்ட அவமானமும் வலியும் கொஞ்சமல்ல. அதை மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆனாலும் அதே காலத்தில் ‘நல்ல’ குடும்பங்களில் பெண் பார்க்க வருபவர்கள் முன்னால் பாடுவதற்காகப் பாட்டு கற்றுக்கொண்டு, தாலி ஏறிய பிறகு வாய் திறக்காத பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

பண்ணைபுரத்துச் சகோதரர்கள் கதை இதற்கு மறுபக்கம். மூத்தவர் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்குப் பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் போனார். தம்பிகளையும் கூட்டிக்கொண்டார். பிற்பாடு இளையராஜாவான ராசையா பதினான்கு வயதில் ஆர்மோனியத்தோடு அந்தக் குழுவில் சேர்ந்தார். குரல் உடையும் வரை பெண் குரலில் பாடியதும் அவர்தான். பல வயது மூத்த ஒரு அண்ணன் தன் காலத்தைத் தம்பி தலையில் ஏற்றிவிட்டதால்தான் அந்தத் தம்பி பிற்பாடு தன் காலத்தைத் தானே உண்டாக்க முடிந்தது. ஏணி அப்படி அமைந்தது, ஆனால் அதில் ஏறிப் போனவர்கள் அண்ணன் தம்பிகள். பெண் குரல் தேவைப்பட்ட இடத்தில்கூட ஒரு பையன்தான் பாட வேண்டியிருந்தது.

1981-இல் ‘மாயா பஜார்’ அண்ணன் வளைகுடாவிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு டூ-இன்-ஒன் கொண்டு வந்தான். கூடவே ஒரு டஜன் வெற்றுக் கேசட். திருநெல்வேலியில் ரெக்கார்டிங் சென்டரில் தாளில் பாட்டு எழுதிக் கொடுத்தால் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டு பிடிக்கும். அண்ணன் தாளை வைத்துக்கொண்டு வீட்டின் நடுவில் உட்கார்ந்தான். ‘ஆளுக்கு ரெண்டு. அம்மா முதல்ல சொல்லட்டும்.’ அம்மா பாகவதர் பாட்டு இரண்டு சொன்னாள். அப்பாவுக்குப் பேச்சு குழறும். காருக்குறிச்சியைக் கையால் ஊதிக் காட்டினார். பெரியண்ணன் எம்.ஜி.ஆர். பாட்டு இரண்டை உடனே சொன்னான். இந்தி அண்ணன் இரண்டு, சின்னக்கா இரண்டு, நான் ‘ஜானி’யிலிருந்து இரண்டு. பெரியக்கா அன்றைக்கு வந்திருந்தாள். ‘நீ சொல்லுக்கா’ என்றால், ‘எனக்கெதுக்குல, பிள்ளைகளுக்குப் போடு’ என்றாள். அண்ணன் விடவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். இரண்டோடு நிறுத்த முடியவில்லை. படம், பாட்டு, பாடியவர் பெயர், இசைத்தட்டின் மறுபக்கம் எந்தப் பாட்டு என்பது வரை. பதினேழு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாத பட்டியல். ஒரு கேசட் முழுவதும் அவளுக்கே கொடுத்தோம்.

அந்தக் கேசட்டுகள் வளைகுடாவுக்கும் போயின. ஊரிலிருந்து யாராவது கிளம்பினால் அவர்கள் பெட்டியில் ஒன்று வைத்து அனுப்புவோம். பாட்டு முடிந்து மிஞ்சும் நாலைந்து நிமிடத்தில் எல்லாரும் பேசுவோம்: தேங்காய் விலை, யாருக்கு எத்தனையாவது மாதம், ஆற்றில் எவ்வளவு தண்ணீர். அண்ணனுக்கு இன்றைக்கும் 1979 வரைக்குமான பாட்டு ஒரு வரிசை. அதற்குப் பிறகு நாங்கள் பதிந்து அனுப்பியவை மட்டும் தனியாக ஒரு வரிசை. பாலைவனத்தில் அவனுக்கு நேரம் இருந்தது. பாட்டு மட்டும் அளந்து வந்தது.

இன்றைக்கு என் மகளுக்கு உடன்பிறந்தார் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் இரண்டுக்கும் குறைவு. 2019-21 குடும்ப நல ஆய்வு அதை 1.8 என்று சொல்கிறது. இந்தச் சின்னக் குடும்பங்களில் பாட்டு இறங்காமல் போய்விட்டதா? முற்றிலும் இல்லை. கேரல் கிரம்ஹான்ஸல் என்ற உளவியலாளர் தம் சக ஆய்வாளரோடு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயது மாணவர்களுக்குத் தம் காலத்துப் பாட்டோடு பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளும் நெஞ்சில் பதிந்திருப்பது தெரிந்தது. என் மகளும் இளையராஜா பாடுவாள். ஆனால் அவளுக்கு இடையில் ஒரு தலைமுறைத் துண்டு விழுந்திருக்கிறது. எனக்கும் அவளுக்கும் நடுவில், அவளைவிடப் பத்து வயது மூத்த ஒரு அண்ணன், ஆறு வயது மூத்த ஒரு அக்கா இருந்திருந்தால் ‘ரோஜா’ வந்த நாளின் அதிர்ச்சியை அவர்கள் வாயால் கேட்டிருப்பாள். இப்போது ரஹ்மானின் ஆரம்பப் பாட்டுகள் அவளுக்குப் பழைய பாட்டுகளில் ஒன்றாக, காதில் மாட்டிய கருவி வழியே, தனியாக வருகின்றன. யாருடைய காலம் அது என்று தெரியாமல் வருகின்றன. வீட்டில் ஆளுக்கொரு பாட்டுக் கேட்கிறோம். சண்டை இல்லை. அந்தச் சண்டை இல்லாமல் போனதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். வீட்டுக்குள் பாட்டுச் சத்தமாக ஓடட்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

அதற்காகப் பெரிய குடும்பம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தொகுதி மறுவரையறையில் நம் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று அண்மையில் மேடைகளில் அதிகம் பிள்ளை பெறச் சொல்லும் பேச்சு எழுந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்பது பிரசவம் அம்மாவை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். ஐம்பது வயதில் அவளுக்கு முழங்காலை மடக்கி உட்கார முடியாது. சிவப்பு முக்கோணத்தைச் சுவரில் எழுதி வைத்த காலம் வந்ததால்தான் பெரியக்கா மூன்றோடு நிறுத்திக்கொள்ள முடிந்தது. எங்கள் வீடு முழுக்கப் பாட்டாக இருந்ததென்றால், அதற்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது அக்காவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் டீச்சர். காலையில் சமைத்து, பஸ் பிடித்து, பாடம் நடத்தி, மாலையில் வந்து மறுபடி சமைத்தவள். அவள் வரிசை 1972-இல் நின்றிருந்தது. ஓய்வு பெற்றாள். பிள்ளைகள் வெளியூர் போனார்கள். அத்தானும் தவறிவிட்டார். நாங்கள் அவளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒரு போனை வாங்கி வைத்துக்கொண்டு, நாற்பது வருடமாகத் தவறவிட்டதை வருட வாரியாகக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு மாதம் ‘முள்ளும் மலரும்’, ஒரு மாதம் ‘மௌன ராகம்’. ரஹ்மானைக் கடந்தாள், யுவனைக் கடந்தாள். ‘96’ பாட்டுகளைக் கேட்டுவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்து கோவிந்த் வசந்தாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த காது. இருபத்து நாலு வயதோடு வாசல் அடைத்துவிடுகிறது என்று யார் சொன்னாலும் எனக்கு இவள் நினைவுதான் வருகிறது. நேரம் திரும்பி வந்தது, காதும் திறந்துகொண்டது.

இப்போது குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் விடியற்காலையில் ஒரு பாட்டு போடுகிறாள். பெரியக்கா எண்பதை நெருங்குகிறாள். மூத்த மகன் வீட்டில் இருக்கிறாள். குழுவில் இருக்கிறாள், ஆனால் ஒன்றுக்கும் பதில் போட மாட்டாள். போன பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது இரண்டாவது அக்காவிடம் கேட்டாள்:

‘அனிருத்து அனிருத்துன்னு போடுதியே, அவன் யாரு மகன்?’

‘நடிகர் ரவி ராகவேந்தர் மகன்க்கா.’

‘அது யாரு?’

‘ரஜினி பொண்டாட்டி லதா இருக்கால்லா, அவ கூடப்பிறந்தவரு. இவனுக்குக் கொள்ளுத் தாத்தா யாரு தெரியுமா? டைரக்டர் கே. சுப்ரமணியம். ‘தியாக பூமி’ எடுத்தாருல்லா.’

‘தியாக பூமியா? அது அம்மா சொல்லுவாளே’ என்றாள் பெரியக்கா. ‘அவரு வம்சமா இவன்? அப்பம் ஒண்ணு போடு, கேப்போம்.’

இரண்டாவது அக்கா போனை எடுத்தாள். பாட்டு நல்ல சத்தமாகத்தான் ஓடியது. முடிந்ததும் பெரியக்கா, ‘இதுல மேளம் கூடுதலா இருக்கு. பாடுதவன் என்ன சொல்லுதான்னு காதுல விழல. வேற ஒண்ணு போடு’ என்றாள். அடுத்ததற்கும் குறை சொன்னாள். அதற்கு அடுத்ததையும் போடச் சொன்னாள். அடுப்படியில் இருந்த மருமகள் சாப்பிடக் கூப்பிட்டபோது, ‘நீங்க உக்காருங்க, இவ இன்னும் ரெண்டு போடட்டும்’ என்று குரல் கொடுத்தாள்.